தீபாவளி மாத்திரையும் ஒரு கொண்டியும்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே என் கைப்பேசி அடிக்கத் தொடங்கிவிடும். அரசு கால்நடை மருத்துவர் பணியிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. ஆனாலும் பெரம்பலூர் டவுனிலிருந்தும் அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கமிருந்தும் யார் யாரோ கூப்பிடுகிறார்கள். "சார், நாய் டாக்டருங்களா?" என்பார்கள். "ஆமாங்க, சொல்லுங்க" என்பேன். எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் மாட்டு டாக்டர் என்று பெயர் வாங்கினால்தான் மதிப்பு. நாய் டாக்டர் என்பதை என்னோடு வேலை பார்த்தவர்கள் கேலியாகத்தான் ஆரம்பித்து வைத்தார்கள். இன்றைக்கு அந்தப் பெயரை யார் கேட்டாலும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

போன மாதம், இப்போது பணியில் இருக்கும் இளம் மருத்துவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். "சார், வெடிச் சத்தத்துக்கு நாயை எப்படிப் பழக்குறதுன்னு நீங்க போன்ல சொல்றதையெல்லாம் நாலு பக்கம் எழுதிக் குடுங்க. ஆஸ்பத்திரி சுவத்துல ஒட்டிடறேன். எங்க சங்கத்து மலர்லயும் போட்டுடலாம்" என்றார். சரி என்றேன். எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, சுவரில் ஒட்ட முடியாத பக்கம் ஒன்று முதலில் வருகிறது. அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதினால், என் வேலையில் பாதியைத்தான் எழுதியவன் ஆவேன். ஒட்ட வேண்டியதை அவர் கத்தரித்து எடுத்துக்கொள்ளட்டும்.

நான் படித்த காலத்தில் நாய்க்கு ஒதுக்கிய பாடம் கொஞ்சம். வெறிநோய்த் தடுப்பூசி, குடற்புழு, சொறி, எலும்பு முறிவு. நாய் பயப்படும், அந்தப் பயத்துக்கும் வைத்தியம் உண்டு என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வேலைக்கு வந்த பிறகு பத்துப் பதினைந்து வருடம் சினை ஊசி, மடிவீக்கம், ஆட்டுக் கொல்லி நோய் என்றே ஓடியது. கன்று குறுக்கே மாட்டிக்கொண்டால் தோள்வரை கைவிட்டுத் திருப்பி எடுப்பேன். அதில் எனக்கு நல்ல பெயர்.

நாய்கள் தீபாவளிக்கு முந்தின நாள்தான் வரும். அன்று மட்டும் மருந்தகத்து வாசலில் வரிசை நிற்கும். எங்களிடம் ஒரு மாத்திரை இருந்தது. அதன் பெயர் வேண்டாம். நாங்கள் தீபாவளி மாத்திரை என்றுதான் சொல்வோம். நாயின் எடையைக் கண்ணால் பார்த்தே சொல்வேன். மாத்திரையை உடைத்து, உளுந்து வடைக்குள் ஒளித்து, சாயங்காலம் ஆறு மணிக்குக் கொடுக்கச் சொல்வேன். ஏழு மணிக்கெல்லாம் நாய் காலைப் பரப்பிக்கொண்டு படுத்துவிடும். வெடி வெடித்தாலும் எழாது, ஊளையிடாது, கட்டிலுக்கு அடியில் போய்ப் பிறாண்டாது. "அடங்கிடுச்சு சார்!" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். மருந்தகப் பதிவேட்டில், நாயின் நிறம், வயது, உரிமையாளர் பெயர் எல்லாவற்றுக்கும் பிறகு கடைசிக் கட்டத்தில் நானும் அதையே எழுதுவேன்: அடங்கியது. எத்தனை வருடம், எத்தனை பக்கம்! எல்லாம் என் கையெழுத்து.

சிறுவாச்சூரில், நெடுஞ்சாலையை ஒட்டி, குமார் என்பவர் பஞ்சர் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் வீடு. இரண்டுக்கும் நடுவில் பழைய டயர்கள் அடுக்கிய ஒரு கொட்டகை. அவர் வளர்த்த நாய்க்கு டீசல் என்று பெயர். கறுப்பும் பழுப்புமாக, எண்ணெயில் முக்கி எடுத்தது போல இருக்கும். லாரி டயர் வெடித்தால் திரும்பிக்கூடப் பார்க்காத நாய், பட்டாசுச் சத்தத்துக்கு மட்டும் நடுங்கும்.

முதல் வருடம் மாத்திரை கொடுத்தேன். மறுநாள் குமாரின் அம்மா பட்டம்மாள் கடை வாசலிலேயே என்னை நிறுத்தி, "மகராசனா இருக்கணும் சார் நீங்க. பொணமாட்டம் கெடந்துச்சு" என்றார். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் வருடம் என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் டீசல் டயர் அடுக்குக்குப் பின்னால் புகுந்து, நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்தது. "என்னா சார், உங்களக் கண்டாலே ஒண்ணுக்குப் போவுது?" என்று குமார் சிரித்தார். நானும் சிரித்தேன். அரை மாத்திரை கூட்டிக் கொடுத்தேன். ஒரு மிருகம் என் வண்டிச் சத்தத்தை எதோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

மூன்றாம் வருடம் குமாருக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. மனைவி பெயர் சங்கீதா. தலை தீபாவளிக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டதால், புகுந்த வீட்டில் அவளுக்கு அதுதான் முதல் தீபாவளி. டீசலுக்குச் சோறு வைப்பதும், இரவில் கொட்டகைக் கதவைச் சாத்துவதும் அவள் வேலையாகியிருந்தது. அன்றும் சாயங்காலம் ஆறு மணிக்கு மாத்திரை கொடுத்தார்கள். டீசல் படுத்துவிட்டது.

நம் ஊர்த் தீபாவளி விடியற்காலையில்தான் என்பதை எழுதியாக வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, இருட்டு பிரிவதற்கு முன்னால் ஊரே ஒன்றாக வெடிக்கும். சாயங்காலம் கொடுத்த மாத்திரை அந்த நேரத்துக்கு உடம்பை விட்டு இறங்கியிருக்கும். கால்களுக்குப் பலம் திரும்பியிருக்கும். பயம் மட்டும் இரவு முழுவதும் சேர்ந்து நிற்கும். இதை இப்போது எழுதுகிறேன். அன்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை.

காலை ஆறரை மணிக்குக் குமார் போன் செய்தார். போனபோது டீசலைச் சாலையோரத்திலிருந்து தூக்கிவந்து ஒரு சாக்கின் மேல் கிடத்தியிருந்தார்கள். பஸ்ஸா லாரியா என்று யாரும் பார்க்கவில்லை. உயிர் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நான் செய்வதற்கு ஒன்றுமில்லை. கொட்டகைப் பக்கம் போனேன். பலகைக் கதவு திறந்து கிடந்தது. கதவின் உள்பக்கம் கீழே ஓர் அடி உயரத்துக்கு நகக் கீறல்கள். சில கீறல்களில் ரத்தம். வாசற்படிக்கு வெளியே மண்ணில் இரும்புக் கொண்டி கிடந்தது. கதவை நிலையோடு இழுத்து மாட்டும் கொக்கிதான். விரல் நீளம் இருக்கும். எடுத்துப் பார்த்தேன். வளையத்தில் மாட்டியிருந்த முனை நிமிர்ந்து போயிருந்தது. அடியில் அதைப் பிடித்திருந்த ஆணி மரத்தோடு பிய்ந்து வந்திருந்தது. கொண்டி போட்ட கதவை உள்ளேயிருந்து மோதி மோதித் திறந்தால்தான் அப்படி ஆகும். கொண்டி போடாத கதவில் அது சும்மா தொங்கிக்கொண்டிருந்திருக்கும்.

கொண்டி கையில் இருக்கும்போதே பட்டம்மாள் பின்னால் வந்து நின்றார். "மாத்தர குடுத்துமா சார் ஓடிருச்சு?"

அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் என் கையில் இருந்தது. நான் என்ன சொன்னேன் என்றால், "கதவுக்குக் கொண்டி போட்டீங்களா?"

அவ்வளவுதான் கேட்டேன். எல்லோரும் சங்கீதாவைத் திரும்பிப் பார்த்தார்கள். புதுப்புடவையில், தலையில் ஈரத் துண்டோடு நின்றிருந்தாள்.

"போட்டன் சார்."

"போட்டா எப்புடிடி ஓடும்?" என்றார் பட்டம்மாள். "பட்டாசு பாக்குற அவசரத்துல சும்மா சாத்திட்டு வந்திருப்ப."

"இல்லத்த, போட்டன். நல்லா ஞாபகம் இருக்கு."

"வாயில்லா ஜீவன். அது வந்து சொல்லவா போவுது?"

குமார் சாக்கைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார். நான் கொண்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். சங்கீதா என் முகத்தையே பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. சுற்று வட்டாரத்தில் என் மாத்திரைக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை நான் காப்பாற்றிக்கொண்டேன். பதிவேட்டில் எழுதியது இது: கதவு திறந்திருந்ததால் வெளியேறி விபத்தில் இறந்தது.

அடுத்த வருடம் எனக்கு அரியலூர்ப் பக்கம் மாறுதல் வந்தது. அங்கே எனக்கு மேலதிகாரியாக வந்தவர் டாக்டர் வசந்தகுமாரி. என்னைவிட ஆறு வயது இளையவர். எனக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. அவர் ஆய்வுக்கு வரும் விதமே வேறு. ஜீப் சத்தம் கேட்காது, பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வருவார். என் நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். மருந்து கட்டுபவர் உட்காரும் ஸ்டூலை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டுக்கொள்வார். பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து, ஒவ்வொரு வரியின் கீழும் பென்சிலின் பின்முனையை ஓட்டிக்கொண்டு படிப்பார். எழுத மாட்டார், கோடு போட மாட்டார். சந்தேகம் வந்த இடத்தில் பென்சில் நிற்கும். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எல்லோரையும் "டாக்டர்" என்றுதான் கூப்பிடுவார், திட்டும்போதும்.

தீபாவளி கழிந்த வாரம் வந்திருந்தார். பென்சில் நின்றது.

"டாக்டர், 'அடங்கியது'ன்னு எழுதியிருக்கீங்களே, இது யாரோட வார்த்தை?"

"ஜனங்க சொல்றதுதான் மேடம்."

"செத்தவங்களையும் ஜனங்க அடங்கிட்டாங்கன்னுதானே சொல்றாங்க?"

பென்சில் அடுத்த வரிக்கு நகரவில்லை.

"நாயோட மூச்சை எண்ணினீங்களா? நெஞ்சுல கை வச்சீங்களா? வெடி வெடிக்கிறப்ப காது என்ன பண்ணிச்சு?"

"நாங்க கூட இருக்க மாட்டோம் மேடம். மாத்திரை குடுத்து அனுப்பிடுவோம்."

"அப்ப யாருக்கு வைத்தியம் பாத்தீங்க? நாய்க்கா, நாய் போடுற சத்தத்துக்கா?"

அவர் போகும்போது, அடுத்த தீபாவளிக்கு மாத்திரை கொடுத்த ஒரே ஒரு நாயின் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்ததை எழுதி அனுப்பச் சொன்னார். "பாத்தத மட்டும் எழுதுங்க டாக்டர். தோணுறத நான் கேக்கல."

உட்கார்ந்தேன். எங்கள் மருந்தகத்துக்கு அடுத்த வீட்டு நாய். சாயங்காலம் மாத்திரை கொடுத்து, கையில் கடிகாரமும் தாளுமாக அதன் பக்கத்தில் பாயை விரித்துக்கொண்டேன். முதல் இருபது நிமிடம் எழுத ஒன்றுமில்லை. பிறகு தெருவில் ஓர் அணுகுண்டு வெடித்தது. நாய் அசையவில்லை. ஆனால் என் உள்ளங்கைக்கு அடியில் அதன் நெஞ்சு தவளை போலத் துள்ளியது. காதின் அடிப்பகுதி மட்டும் சுண்டியது. கண்ணின் உள் இமை பாதி ஏறி, அதற்கு மேலே கண்மணி விரிந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வாயோரத்தில் எச்சில் கோடாக இறங்கியது. எழ முயன்றது, முன்கால் இரண்டு விரற்கடை நகர்ந்து நின்றுவிட்டது. ஒவ்வொரு வெடிக்கும் இதேதான். இரண்டு மணி நேரத்தில் நான் எழுதிய தாளைப் படித்துப் பார்த்தேன். அதில் எங்கேயும் அமைதி இல்லை. ஓட முடியாமல் கட்டிப்போட்ட ஒரு பயம்தான் இருந்தது. கயிற்றுக்குப் பதில் மாத்திரையால் கட்டியிருந்தேன்.

அன்றைக்கு எனக்கு டீசலின் நினைவு வந்தது. அதன்பிறகு சங்கீதாவின் முகம். மாத்திரையின் குணம் முன்னால் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். கொண்டியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அதை நான் கையில் வைத்துப் பார்த்தவன். அப்போதே சிறுவாச்சூருக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. திருச்சிக்கு பஸ்ஸில் போகும்போதெல்லாம் பஞ்சர் கடை இருக்கும் பக்கத்து ஜன்னலை விட்டு எதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதைத்தான் செய்தேன்.

மாத்திரையை நிறுத்திவிட்டேன். ஆனால் அதன் இடத்தில் வைக்க என்னிடம் ஒன்றுமில்லை. மாற்று வழியைக் கற்றது எந்தப் புத்தகத்திலிருந்தும் இல்லை, ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில். அரியலூரைச் சுற்றிச் சிமென்ட்டுக்காகக் கல் எடுக்கும் பள்ளங்கள் நிறைய. அதில் ஒன்றுக்கு, வேலியோரம் மேய்ந்த ஒரு மாட்டைப் பார்க்கப் போயிருந்தேன். மதியம் சங்கு ஊதியது. சங்கு ஊதினால் பாறைக்கு வெடி வைக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். ஆட்கள் தகரக் கொட்டகைக்குப் பின்னால் ஒதுங்குவார்கள். நானும் ஒதுங்கினேன். அப்போது நாலா பக்கமிருந்தும் ஐந்து நாய்கள் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தன. வெடி வைக்கும் கோவிந்தன் என்பவரைச் சுற்றி வரிசையாகக் குந்தின. அவர் சட்டைப் பையிலிருந்து பொறையை எடுத்தார். டீக்கடையில் டீயில் தொட்டுத் தின்போமே, அதே பொறைதான். ஒடித்து ஒடித்துப் போட்டார். பூமி அதிர வெடித்தது. ஐந்து நாய்களும் அடுத்த துண்டுக்காக அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"பயப்படாதுங்களா?" என்றேன்.

"எதுக்குங்க பயப்படணும்? சங்கு ஊதுனா சோத்துக்குக் கூப்புடுறாங்கன்னு நெனச்சுக்கிட்டு இருக்குதுங்க. வெடிய யாரு மதிக்கிறா?"

"எப்படிப் பழக்குனீங்க?"

"நான் எங்க பழக்குனேன்? குட்டியா இருக்கயில பள்ளத்துக்குள்ள போயிரும், கல்லு தெறிச்சு அடிபடும். அதான் சங்கு ஊதுன ஒடனே பொறையக் காட்டி இங்கிட்டு இழுத்துக்கிடறது." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதான சார் டாக்டரு? இத எங்கிட்ட கேக்குறீங்க?"

கேட்கத்தான் செய்தேன். அதற்குப் பிறகு நான்கைந்து முறை மதிய நேரத்தில் போய் அவர் செய்வதைப் பார்த்தேன். வெடிக்குப் பிறகு அவர் பொறை கொடுப்பதில்லை. சங்குக்கும் வெடிக்கும் நடுவில்தான் கொடுப்பார். பயத்துக்கு முன்னாலேயே போய் நின்றுகொள்கிறார். எல்லாமே அந்த இடைவெளியில்தான் இருந்தது.

அங்கிருந்துதான் என் முறை வந்தது. இளம் மருத்துவர் சுவரில் ஒட்டக் கேட்டது இதைத்தான். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்க வேண்டும். கைப்பேசியில் பட்டாசுச் சத்தத்தைப் பதிந்துகொண்டு, நாயின் காது பின்னால் மடங்காத அளவுக்குச் சன்னமாக வைக்க வேண்டும். சத்தம் வந்ததும் அதற்கு ரொம்பப் பிடித்த ஒன்றைச் சின்னச் சின்னத் துண்டாகக் கொடுக்க வேண்டும். பொறையோ, வேகவைத்த கோழியோ எதுவானாலும் சரி. சத்தம் நின்றதும் தீனியும் நிற்க வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து நிமிடம் போதும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை சத்தத்தை ஒரு பொட்டு கூட்டலாம். நாய் தின்பதை நிறுத்தினால் தப்பு நம்முடையது, அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள். பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும்.

பண்டிகை அன்றைக்கு, நன்றாக வெளிச்சம் இருக்கும்போதே நடத்திக் கூட்டிவந்துவிட வேண்டும். வீட்டின் நடு அறையில் ஜன்னலைச் சாத்தி, போர்வை தொங்கவிட்டு, மின்விசிறியை ஓடவிட வேண்டும். எங்கள் ஊர்களில் நான் சொல்வது, பலகாரத்துக்கு எப்படியும் மாவு ஆட்டப்போகிறீர்கள், கிரைண்டரை அந்த அறைப் பக்கம் வைத்து வெடிக்கிற நேரத்தில் ஓட விடுங்கள் என்பதுதான். அந்த ஒரே சீரான சத்தம் வெடியைப் பாதி விழுங்கிவிடும். நாய் எங்கே ஒளிந்துகொள்ள நினைக்கிறதோ அங்கே ஒளியட்டும், இழுக்கக் கூடாது. பயந்தால் தடவிக்கொடுக்கலாம், தடவினால் பயம் அதிகமாகும் என்பது வெறும் பேச்சு. கழுத்துப் பட்டையில் போன் நம்பர் இருக்க வேண்டும். மனிதர்கள் சாப்பிடும் தூக்க மாத்திரையைத் தொடவே கூடாது. இத்தனைக்கும் அடங்காத பயம் என்றால் (இந்த 'அடங்காத' என்ற சொல்லை இங்கே தெரிந்தேதான் எழுதுகிறேன்) இப்போது பயத்தையே குறைக்கும் மருந்துகள் வந்திருக்கின்றன. ஒரு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

இதை வைத்துக்கொண்டு பணியின் கடைசி ஐந்து வருடம் நான் வேலை பார்த்தேன். வண்டிச் சத்தம் வேண்டாம் என்று சைக்கிளில் போய் வீடு வீடாக உட்கார்ந்தேன். பெரம்பலூரில் ஒருவர் ராஜபாளையம் நாய் வைத்திருந்தார். "பேரு சிங்கம் சார். தீபாவளியானா கக்கூசுக்குள்ள போய் உக்காந்துக்குது. ஊர்ல வெளிய சொல்ல முடியல" என்றார். "உக்காரட்டும். அங்க ஒரு சாக்கு விரிச்சுப் போடுங்க. நீங்களும் ஒரு ஸ்டூல் போட்டுக்கங்க" என்றேன். "நானுமா?" என்றார். அந்தத் தீபாவளிக்கு மனுஷன் பலகாரத் தட்டோடு கக்கூசுக்குள் உட்கார்ந்திருந்ததைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். மூன்றாம் வருடம் சிங்கம் கூடத்தில் படுத்துக் குறட்டை விட்டது. அதை வீடியோவாகவே அனுப்பினார். அந்தப் படத்தை டாக்டர் வசந்தகுமாரிக்கு அனுப்பி வைத்தேன். "மூச்சு எண்ணினீங்களா டாக்டர்?" என்று பதில் வந்தது. எண்ணியிருந்தேன். அனுப்பினேன். அதற்கு அவர் அனுப்பிய பதில் ஒரே சொல்: "அமைதி." எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ்களில் நான் பத்திரமாக வைத்திருப்பது அது ஒன்றுதான்.

இதோடு முடித்திருந்தால் நல்ல கட்டுரையாக இருந்திருக்கும்.

இந்த வருடம் ஆவணியில் ஒரு நாள் காலை, என் வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. முன்னால் கால் வைக்கும் இடத்தில் ஒரு வெள்ளை நாய் உட்கார்ந்திருந்தது. ஓட்டிவந்த பெண் இறங்கி, "என்னத் தெரியுதா சார்? சிறுவாச்சூரு. டீசல் வூடு" என்றாள்.

சங்கீதா. நடுவகிட்டில் நரை வந்திருந்தது. பதினைந்து வருடம் ஆகிவிட்டது.

"இவன் பேரு பஞ்சு. ஆஸ்பத்திரில கேட்டன், வெடிக்கெல்லாம் நீங்கதான்னாங்க. தீபாவளிக்கு நாள் இருக்குறப்பவே வந்துட்டன் சார்."

பஞ்சுவைப் பார்த்தேன். நல்ல தைரியமான நாய், பயப்பட ஒன்றுமில்லை. முறையைச் சொல்லிக்கொடுத்தேன். கவனமாகக் கேட்டாள். கடைசியில், "கதவெல்லாம் பத்தரமாத்தான் சார் இருக்கு. ரெண்டு கொண்டி வச்சிருக்கன். ஒரு பூட்டும் போட்டுருவன். போட்டுட்டு எங்க வூட்டுக்காரரக் கூப்புட்டுக் காட்டிருவன். அப்பறம் யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது பாருங்க" என்று சிரித்தாள்.

"இன்னமுமா சொல்றாங்க?"

"அத்த சொல்லும். வெளையாட்டுக்குத்தான். பால் பொங்கிட்டாக்கூட, 'டீசலத் தொறந்து வுட்டவதான'ன்னும்." பஞ்சுவின் காதைத் தடவினாள். "எனக்கே இப்பல்லாம் சந்தேகமா இருக்கு சார். போட்டனா இல்லியான்னு."

அவள் தன் நினைவையே நம்பாமல் ஆகியிருந்தாள். அதைச் செய்தது பட்டம்மாளின் வாய் மட்டும் இல்லை.

உள்ளே போய் மேசை இழுப்பறையைத் திறந்தேன். கொண்டி அங்கேதான் இருந்தது. மாறுதல் வந்த ஊருக்கெல்லாம் கூடவே வந்தது அது. ஏன் எறியாமல் வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. கொண்டுவந்து அவள் கையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கதவுக் கீறல், நிமிர்ந்த முனை, பிய்ந்த ஆணி, மாத்திரை இறங்கிய நேரம். நிதானமாகச் சொல்ல நினைத்தேன், கோர்வையாக வரவில்லை.

அவள் கொண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அன்னிக்கே தெரியுமா சார்?"

"தெரியும்மா."

"நான் போட்டன்னு சொல்றப்ப?"

"உன் பக்கத்துலதான் நின்னேன். பையில இருந்துச்சு."

மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை. திட்டவும் இல்லை. கொண்டியை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "எங்கிட்ட சொல்லி என்னா சார் ஆவப்போவுது? அத்தகிட்ட வந்து சொல்லுங்க" என்று ஸ்கூட்டியை எடுத்தாள்.

அன்றே பஸ் ஏறினேன். கடை இருக்கும் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தேன்.

பஞ்சர் கடையில் இப்போது காற்றடிக்கும் பெரிய இயந்திரம் வந்துவிட்டது. குமாருக்கு வழுக்கை. பட்டம்மாள் கடை நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "வாங்க சார், எம்மாம் வருசமாச்சு" என்றார். சங்கீதா உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றாள். பஞ்சு அவள் காலடியில் நின்றது.

கொண்டியைப் பட்டம்மாளின் மடியில் வைத்தேன். "அம்மா, டீசல் செத்த அன்னிக்கு இந்தக் கொண்டி போட்டிருந்துச்சு. நாய் மோதிப் பிச்சுக்கிட்டு ஓடியிருக்கு. நான் குடுத்த மாத்திரைதான் காரணம். நான் பாத்துட்டும் சொல்லல" என்றேன்.

குமார் கையிலிருந்த டயர் நெம்பும் லிவரைக் கீழே வைத்தார். பட்டம்மாள் கொண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி வுடுங்க சார்" என்றார் பட்டம்மாள். "அது செத்து மண்ணாப் போயி எத்தன காலம். இப்ப எதுக்கு அதெல்லாம்?" பிறகு தலையைத் திருப்பாமலே, "சங்கீதா, சாருக்கு டீ போடு" என்றார்.

சங்கீதா நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"போடறன் அத்த. மொதல்ல சாரு இன்னொருவாட்டி சொல்லட்டும்."

பட்டம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தார். குமாரும் பார்த்தார். பிறகு மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"கொண்டி போட்டிருந்தது" என்றேன்.